நடாலுக்கு முன்னும் மான்டே கார்லோ இருந்தது

வாசகர் கேள்வி: 10 ஏப்ரல் 2025, காலை 9.12

மான்டே கார்லோ மாஸ்டர்ஸ் டென்னிஸ் போட்டிக்கு வரலாறு என்று ஒன்று இருந்தால் அது நடாலின் 11 பட்டங்கள் மட்டுமே. நேற்று ஜோகோவிச் தாபிலோவிடம் நேர் செட்களில் தோற்றதைப் பார்த்தபோது இந்தச் சந்தேகம் இன்னும் வலுத்தது. கட்டாயம் இல்லாத போட்டி, ஒரே வாரத்தில் முடிந்துவிடுகிறது, ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊரிலேயே குடியிருக்கிறார்கள். 2009இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் போட்டியைத் தகுதியில் கீழே இறக்கியவர்கள் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

10 ஏப்ரல் 2025, மாலை 7.40

விட்டுவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அது நீதிமன்றம் வரை போன கதை என்பதால் தனியாக எழுதுகிறேன். முதலில் அந்த 11 பட்டங்களுக்கு முந்திய நூற்றுச் சொச்சம் ஆண்டுகளைப் பார்த்துவிடலாம்.

போட்டி தொடங்கியது 1897இல். குளிர்காலத்தைக் கழிக்கப் பிரான்சின் தெற்குக் கடற்கரைக்கு வந்து தங்கிய ஆங்கிலேயச் செல்வந்தர்களே டென்னிஸையும் தங்கள் பெட்டிகளோடு அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். களிமண் தரை பிறந்த கதையும் அதே கரையில்தான் சொல்லப்படுகிறது. 1880களின் வாக்கில் ஆங்கிலேய ஆட்டக்காரர்களான ரென்ஷா சகோதரர்கள் கான் நகரில் அமைத்திருந்த புல்தரை வெயிலில் கருகியதால், அருகிலுள்ள வலோரிஸ் ஊரின் மண்பாண்டச் சூளைகளில் உடைந்து கிடந்த ஓடுகளைப் பொடித்து மேலே தூவினார்களாம். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும், செங்கல் தூளில் ஆடும் வழக்கம் அந்த வட்டாரத்தில் வேரூன்றிப் பரவியது என்பதில் ஐயமில்லை.

தொடக்க ஆண்டுகளில் டொஹர்ட்டி சகோதரர்களின் ஆதிக்கம். அவர்களுக்குப் பின் நியூசிலாந்தின் அந்தோணி வைல்டிங் 1908இலும், 1911 முதல் 1914 வரை தொடர்ச்சியாக நான்கு முறையும் வென்றார். அடுத்த போட்டி நடப்பதற்குள் போர் வந்துவிட்டது. 1915 மே மாதம் பிரான்சின் போர்முனையில் குண்டுவீச்சில் இறந்தபோது அவருக்கு வயது 31. நடாலின் தொடர் வெற்றிகளைப் பேசும்போது வைல்டிங்கின் பெயர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

10 ஏப்ரல் 2025, இரவு 9.05

ஒன்று விட்டுப்போயிற்று. மான்டே கார்லோ போட்டி மொனாக்கோவில் நடப்பதில்லை. 1928இல் கட்டப்பட்ட மான்டே கார்லோ கன்ட்ரி கிளப் எல்லைக்கு அப்பால், பிரான்சின் ரோக்ப்ரூன் கேப் மார்ட்டின் ஊராட்சியில் இருக்கிறது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் ஆடுகளங்கள், கீழே மத்தியதரைக் கடல் என்று தொலைக்காட்சி காட்டும் அந்த அழகு முழுவதும் பிரெஞ்சு மண். வருமான வரி இல்லாத நாட்டில் குடியிருந்துகொண்டு, எல்லை தாண்டி வேலைக்குப் போய், மாலையில் வீடு திரும்பும் பாக்கியம் டென்னிஸ்காரர்களுக்கு வாய்த்திருக்கிறது.

11 ஏப்ரல் 2025, காலை 6.50

போட்டியின் வெற்றியாளர் பட்டியலில் 1981ஆம் ஆண்டுக்கான இடத்தில் பெயர் இல்லையே, அச்சுப் பிழையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பிழை இல்லை. ஜிம்மி கானர்ஸும் கியெர்மோ விலாஸும் ஆடிய இறுதிப் போட்டி முதல் செட்டில் 5-5 என்று இருந்தபோது மழையால் நின்றது. பிறகு தொடரவே இல்லை. அடுத்த ஆண்டு விலாஸ் திரும்பி வந்து லெண்டிலை வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். கானர்ஸுக்கு மான்டே கார்லோ பட்டம் கடைசி வரை கிடைக்கவில்லை.

11 ஏப்ரல் 2025, பிற்பகல் 3.30

இந்தப் போட்டியை வென்றவர்களை விட அங்கே வெல்ல முடியாமல் போனவர்களை வைத்துத்தான் அதன் தன்மையை அறிய முடியும் என்பது என் எண்ணம். அதற்கு முதல் சாட்சி போரிஸ் பெக்கர்.

பெக்கர் தம் வாழ்நாளில் களிமண் தரையில் ஒரு பட்டமும் வென்றதில்லை. மான்டே கார்லோவில் மட்டும் மூன்று முறை இறுதிக்கு வந்தார்: 1989இல் அல்பெர்டோ மான்சினியிடமும், 1991இல் செர்ஜி புருகேராவிடமும், 1995இல் தாமஸ் முஸ்டரிடமும் தோற்றார். முதல் இரண்டையும் எளிதில் கடந்துவிடலாம். மூன்றாவதை அப்படிக் கடக்க முடியாது.

1989இல் மயாமியில் ஓர் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற சில மணி நேரத்திலேயே, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் மோதியதில் முஸ்டரின் முழங்கால் சிதைந்தது; அறுவைச் சிகிச்சைக்குப் பின் நாற்காலியில் அமர்ந்தபடியே பந்தடித்துப் பயிற்சி செய்தவர் அவர். 1995 மான்டே கார்லோ அரையிறுதியில், தம்முடன் பயிற்சி செய்து வந்த ஆண்ட்ரியா காடென்சியை வென்ற கையோடு உடல் துவண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மறுநாள் ஆடுவாரா என்பதே கேள்வியாக இருந்தது. ஆட வந்தார், வந்து முதல் இரண்டு செட்களை 4-6, 5-7 என்று இழந்தார். மூன்றாவதை 6-1 என்று எடுத்தார். நான்காவது செட் 6-6 என்று சமமாகி, அதைத் தீர்க்கும் டை பிரேக்கரில் பெக்கர் 6-4 என்று முன்னிலை பெற்றார். அதாவது இரண்டு மேட்ச் பாயிண்ட்; இரண்டில் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் அவருக்கு.

அந்த ஆட்டத்தை என் மாமா வீட்டில் பார்த்தேன்; எங்கள் வீட்டில் அப்போது கேபிள் இணைப்பு இல்லை. மாமா பெக்கரின் பரம ரசிகர். மேட்ச் பாயிண்டில் பெக்கரின் முதல் சர்வீஸ் தவறியது. யாராக இருந்தாலும் இரண்டாவது சர்வீஸைச் சுழற்றி உள்ளே போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். பெக்கரோ அதையும் முதல் சர்வீஸின் வேகத்திலேயே அடித்தார், அதுவும் தவறி டபுள் ஃபால்ட், புள்ளி முஸ்டருக்கு. "அடப்பாவி, களிமண்ல நின்னுக்கிட்டு விம்பிள்டன்னு நெனச்சுட்டானே" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். டை பிரேக்கர் 8-6 என்று முஸ்டர் பக்கம் போனது. ஐந்தாவது செட் 6-0. முஸ்டர் அந்த ஆண்டில் மட்டும் பிரெஞ்சு ஓபன் உட்பட 12 பட்டங்கள் வென்றார்.

மாமா சொன்னதைப் பல ஆண்டுகள் நான் கேலியாகவே நினைவில் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அதில் முழு விளக்கமும் இருக்கிறது. களிமண் தரையில் பெக்கருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் மூன்று இறுதிகளுக்கு வந்திருக்க மாட்டார்; ஆனால் நெருக்கடியான நொடியில் கை தானாகப் போவது வென்று பழகிய புல்தரை ஆட்டத்துக்கே.

(அரையிறுதியில் தோற்ற அந்தக் காடென்சிதான் 2020 முதல் ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் தலைவர்.)

11 ஏப்ரல் 2025, இரவு 10.15

நம் ஊர்களில் உள்ள மண் கோர்ட்டும் களிமண் தரைதானே, அதில் ஆடிப் பழகிய நமக்கு ஏன் அங்கே எடுபடவில்லை என்று கேட்டவருக்கு: இரண்டும் வேறு வேறு.

நான் ஆடக் கற்றுக்கொண்டது ஒரு மாவட்டத் தலைநகரின் கிளப்பில் இருந்த மண் கோர்ட்டில். மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் தெளித்து, இரும்பு உருளையை இழுத்து, சுண்ணாம்பில் கோடு போடுவார் கிளப் ஊழியரான மார்க்கர். கோடு காய்வதற்குள் யாராவது மிதித்துவிட்டால் அவருடைய வசவைக் கேட்க வேண்டும். அந்தத் தரை இறுகிப் பாறை போல் ஆகிவிடும். பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். பழுப்பு நிறமாகி, ரோமம் உதிர்ந்து, வேகமாக வரும். கை லாகவம் உள்ளவனுக்கு அது தோதான தரை.

ஐரோப்பியத் தரையில் மேலே கிடப்பது ஓரிரு மில்லிமீட்டர் செங்கல் தூள் மட்டுமே. அதற்குக் கீழே நசுக்கிய சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே கரித்துண்டும் சரளையும் என்று அடுக்கடுக்காக இருக்கும். மேலே உள்ள தூள் பந்தைப் பிடித்து நிறுத்தி எழுப்புகிறது. கொஞ்சம் மேற்சுழற்சி கொடுத்தால் தோளுக்கு மேல் எகிறும். மான்டே கார்லோவில் இன்னொன்றும் சேர்கிறது. ஏப்ரல் மாதத்துக் குளிரும் கடலின் ஈரக்காற்றும் பந்தைக் கனக்கச் செய்வதால், அடித்து முடித்த பந்து என்று நினைத்தது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். மாட்ரிட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் தடை குறைந்து பந்து பறக்கும். இரண்டும் களிமண் என்று ஒரே பட்டியலில் வந்தாலும், மாட்ரிட்டில் வென்ற ஆட்டத்தை அப்படியே மான்டே கார்லோவில் ஆடினால் வென்றுவிட முடியாது.

12 ஏப்ரல் 2025, காலை 8.20

ஹாம்பர்க் விவகாரத்துக்கு வருகிறேன்.

ஏடிபி 2009 முதல் தன் கால அட்டவணையைத் திருத்தி அமைக்கத் திட்டமிட்டபோது, உள்ளரங்கில் நடந்துவந்த மாட்ரிட் போட்டியைக் களிமண் தரைக்கு மாற்றி மே மாதத்தில் வைப்பது என்று முடிவெடுத்தது. அதற்கு இடம் வேண்டும். மான்டே கார்லோவும் ஹாம்பர்கும் தகுதி இறக்கப்பட வேண்டிய போட்டிகளாகக் குறிக்கப்பட்டன. இரண்டும் 2007இல் வழக்குத் தொடுத்தன. மான்டே கார்லோ வழக்கை நடத்தி முடிக்காமல் சமரசத்துக்கு வந்தது: மாஸ்டர்ஸ் 1000 தகுதியும் வெற்றியாளருக்கு 1000 புள்ளிகளும் அப்படியே இருக்கும், ஆனால் முன்னணி ஆட்டக்காரர்கள் கட்டாயம் வர வேண்டும் என்ற விதி அதற்குப் பொருந்தாது. ஹாம்பர்க் அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றத்தில் இறுதி வரை போராடி 2008இல் தோற்றது. 1892இல் தொடங்கிய, மான்டே கார்லோவை விடவும் மூத்த போட்டி அது. 500 புள்ளிப் போட்டியாக இறங்கி, பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் முடிந்த பிறகான ஜூலை மாதத்துக்குத் தள்ளப்பட்டது.

கட்டாய மாஸ்டர்ஸ் போட்டிக்கு வராத முன்னணி ஆட்டக்காரரின் கணக்கில் பூஜ்ஜியம் ஏறும். மான்டே கார்லோவுக்கு வராவிட்டால் அப்படி எதுவும் நேராது. ஆகவே 2009இல் யார் வருவார்கள் என்ற பதற்றம் இருந்தது. நடால், ஃபெடரர், ஜோகோவிச், மர்ரி நால்வரும் வந்தார்கள். அப்போதுதான் திருமணம் முடித்திருந்த ஃபெடரர் வைல்டு கார்டு (அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதி) வாங்கிக்கொண்டு வந்தார். பின்னாளில் அவர் சில ஆண்டுகள் வராமல் இருந்ததும் உண்டு, அதனால் போட்டி சரிந்துவிடவில்லை. கட்டாயப்படுத்தாமலே முன்னணியில் உள்ளவர்கள் வருகிறார்கள் என்பது அதன் தகுதிக்கு எதிரான வாதமா, ஆதரவான வாதமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு வாரப் போட்டி என்ற குறையைப் பொறுத்தவரை, எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மாட்ரிட்டும் ரோமும் 96 பேரோடு பன்னிரண்டு நாள் இழுக்கும் காலத்தில், 56 பேரை வைத்து ஞாயிறு தொடங்கி ஞாயிறு முடிக்கும் போட்டியைத்தான் என்னால் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

12 ஏப்ரல் 2025, பிற்பகல் 1.00

காலையில் எழுதியதை மறுபடி படித்தபோது ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. இந்தச் சர்ச்சை நடந்த 2007, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளும் நடாலின் எட்டு தொடர் பட்டங்களுக்கு (2005 முதல் 2012 வரை) நடுவே விழுகின்றன. உலகின் முதல் இரண்டு ஆட்டக்காரர்களான ஃபெடரரும் நடாலும் 2006, 2007, 2008 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அங்கே இறுதியில் மோதினார்கள். அப்படி ஒரு போட்டியை இரண்டாம் தரம் என்று மேசையில் உட்கார்ந்து எழுதுவது எளிதல்ல. ஆக நடாலை மட்டும் வைத்து வரலாறு எழுதக் கூடாது என்ற என் கட்சி மாறவில்லை; ஆனாலும் அந்த எட்டு ஆண்டுகள் வேறு எப்போதாவது அமைந்திருந்தால், மான்டே கார்லோவுக்குச் சமரசம் பேசும் பலம் இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

ஆட்டமாகப் பார்த்தால் அந்த எட்டில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று 2006 இறுதி. ஐந்து செட் முறையில் நடந்த கடைசி இறுதிப் போட்டி அதுவே, நடால் நான்கு செட்களில் வென்றார். இன்னொன்று 2008; இரண்டாவது செட்டில் 4-0 என்று முன்னிலையில் இருந்த ஃபெடரர் 5-7, 5-7 என்று தோற்றார். 2010இல் வெர்டாஸ்கோவை 6-0, 6-1 என்று வென்றதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 46 தொடர் வெற்றிகளுக்குப் பின் 2013 இறுதியில் ஜோகோவிச் அவரை வீழ்த்தியபோது, நடால் ரசிகனான நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஃபெடரர் 2014இல் நான்காவது முறையாக இறுதிக்கு வந்து, முதல் செட்டை வென்ற பிறகு வாவ்ரிங்காவிடம் தோற்றார். பெக்கர் வரிசையில் அவரும் சேர்ந்தார்.

12 ஏப்ரல் 2025, இரவு 11.30

பியோன் போர்க் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். 1977, 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். 26 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டு 1983இல் விடைபெற ஆடியதும் அங்கேதான், இரண்டாம் சுற்றில் ஹென்றி லெகான்ட்டிடம் தோற்றார். எட்டு ஆண்டுகள் கழித்து, எல்லோரும் கிராஃபைட் மட்டைக்கு மாறிவிட்ட 1991இல், பழைய மர மட்டையோடு அதே ஆடுகளத்துக்குத் திரும்பி வந்தார். ஜோர்டி அரேசே 6-2, 6-3 என்று வென்றார். மறு ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர் அரேசே என்பதைச் சொல்லாமல், யாரோ ஒருவரிடம் போர்க் தோற்றதாக எழுதுவது நியாயமில்லை.

13 ஏப்ரல் 2025, இரவு 9.50

இன்றைய இறுதி முடிந்தது. அல்கராஸ் 3-6, 6-1, 6-0 என்று முசெட்டியை வென்றார். காலிறுதியில் நடப்புச் சாம்பியன் சிட்சிபாஸிடமும் அரையிறுதியில் டி மினாரிடமும் முதல் செட்டை 1-6 என்று இழந்துவிட்டு மீண்டு வந்தவர் முசெட்டி. தொடை வலியோடு மூன்றாவது செட்டை ஆடி முடித்தார். அல்கராஸ் இதற்கு முன் அங்கே ஆடியது 2022இல் ஒரே ஓர் ஆட்டம், அதிலும் கோர்டாவிடம் தோல்வி. ஆக அங்கே ஒரு வெற்றிகூட இல்லாமல் வந்தவர் பட்டத்தோடு போகிறார்.

அரங்கில் இத்தாலியக் குரல்களே ஓங்கி ஒலித்ததைக் கவனித்திருப்பீர்கள். இத்தாலிய எல்லை மிக அருகில். நிகோலா பியெட்ராஞ்செலி 1961, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் வென்ற பிறகு, இத்தாலியர் ஒருவர் பட்டம் வெல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபோனினி அந்த ஆண்டு அரையிறுதியில் நடாலை 6-4, 6-2 என்று நேர் செட்களில் வீழ்த்தினார்.

28 ஏப்ரல் 2025, இரவு 8.10

மாட்ரிட்டில் ஸ்வெரேவ் பந்து விழுந்த தடத்தைக் கைபேசியில் படம் பிடித்து எச்சரிக்கை வாங்கிய செய்தியை இங்கே யாரோ பகிர்ந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு முதல் ஏடிபியின் களிமண் போட்டிகளிலும் மின்னணுக் கருவியே கோட்டைத் தீர்மானிக்கிறது. நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தடம் பார்க்கும் வேலை போயிற்று.

தடம் பொய் சொல்லாது என்று வாதிடுகிறவர்கள் மான்டே கார்லோ 2017 அரையிறுதியைப் பார்க்க வேண்டும். டேவிட் கோஃபின் நடாலுக்கு எதிராக 3-2 என்று முன்னிலையில் இருந்தார். நடால் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததைக் கோட்டு நடுவர் சரியாகவே சொன்னார். தலைமை நடுவர் இறங்கி வந்து, வேறொரு தடத்தைக் காட்டி உள்ளே என்றார். கோஃபின் அதன் பிறகு ஒரே ஒரு கேம் வென்றார், 6-3, 6-1. தடம் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அந்தத் தரையில் ஒரு கேமுக்கு எத்தனையோ தடங்கள் கிடக்கின்றன, எது யாருடையது என்று தடத்துக்கு எழுதத் தெரியாது. கருவி வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

29 ஏப்ரல் 2025, காலை 7.15

கடைசியாக, இந்தியர்கள் பற்றிய கேள்வி. ஒற்றையர் பிரதானச் சுற்றில் விஜய் அமிர்தராஜ் 1977இலும், ரமேஷ் கிருஷ்ணன் 1982இலும் ஆடினார்கள், இருவரும் சென்னைக்காரர்கள். அதன்பின் 42 ஆண்டுகள் யாரும் இல்லை. 2024இல் சுமித் நாகல் தகுதிச்சுற்றில் வென்று உள்ளே வந்து, முதல் சுற்றில் அர்னால்டியையும் தோற்கடித்தார். களிமண் தரை மாஸ்டர்ஸ் ஒன்றில் இந்தியர் பெற்ற முதல் ஒற்றையர் வெற்றி அது. அடுத்த சுற்றில் ரூனேவிடம் தோற்றார்.

பட்டம் என்று கேட்டால் இரட்டையரில் உண்டு. 2017இல் ரோகன் போபண்ணா, உருகுவேயின் பாப்லோ குவெவாஸுடன் சேர்ந்து, ஃபெலிசியானோ லோபஸ் - மார்க் லோபஸ் இணையை வென்றார். நடால் அங்கே பத்தாவது பட்டம் வென்ற அதே ஞாயிற்றுக்கிழமை என்பதால், மறுநாள் நாளிதழ்களில் போபண்ணாவுக்குக் கிடைத்த இடத்தை விரலால் அளந்துவிடலாம்.